செகாக் அட்டையில் உயரத்தையும் பாருங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற தாதி. வேலைக் காலத்தில் பெரும்பகுதி குழந்தைகள் வார்டில்தான் போனது. கடைத்தெருவில் இன்னும் சிலர் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுகிறார்கள். நன்கொடை கேட்டு இந்த மடலை எழுதவில்லை, பயப்பட வேண்டாம். பள்ளியில் ஏற்கெனவே நடக்கிற ஒரு வேலையை இன்னும் ஒரு படி தள்ளிச் செய்யச் சொல்லிக் கேட்கிறேன்.

நான்காம் ஆண்டிலிருந்து பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை செகாக் உடற்தகுதிச் சோதனை நடக்கிறது. அதோடு உயரமும் எடையும் அளந்து எழுதுகிறீர்கள். இரண்டையும் வைத்து பி.எம்.ஐ. கணக்குப் போட்டு, ஒல்லி, சரி, பருமன் என்று ஒரு சொல்லை எழுதியதும் அட்டை அலமாரிக்குள் போய்விடுகிறது. அந்த உயரத்தைப் போன தடவை எழுதிய உயரத்தோடு வைத்துப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மூளையின் அடியில் வரும் ஒரு கட்டியை அந்த உயரம் காட்டிக்கொடுக்கலாம். எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களிலிருந்தும் வருகிற நரம்புகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. பெரியவர்களுக்கே அதன் எடை சுமார் 4 கிராம்தான். பசி, தாகம், தூக்கம், உடம்புச் சூடு எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குக் கீழே ஒரு காம்பில் தொங்குகிறது பிட்யூட்டரி சுரப்பி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஹைப்போதலாமஸ் ஆபீஸில் எழுதும் கிராணி, பிட்யூட்டரி ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். கிராணி எழுதிக் கொடுப்பதை மண்டோர் காலைப் பெரட்டில் ஆட்கள் முன்னால் நின்று தைராய்டுக்கும் அட்ரீனலுக்கும் சினைப்பைக்கும் விந்தகத்துக்கும் வேலையாகப் பிரித்துக் கொடுப்பார். கிராணியின் மேசை மேல் ஒரு கட்டி வந்து உட்கார்ந்துகொண்டால் எந்த வேலை முதலில் கெடும் என்று சொல்லவே முடியாது. ஒரு பிள்ளைக்கு வளர்ச்சி நிற்கும். இன்னொரு பிள்ளைக்குத் தாகம் அடங்காது. வேறொரு பிள்ளைக்குப் பார்வை குறையும். அதனால்தான் இது நோய் மாதிரியே தெரியாது. சோம்பேறித்தனம், பெருந்தீனி, பிடிவாதம், படிப்பில் அக்கறையின்மை என்று பிள்ளையின் குணமாகத்தான் நம் கண்ணில் படும்.

மருத்துவர் அந்தப் பிள்ளையை எப்போதாவது சில நிமிடங்கள் பார்க்கிறார். பெற்றோர் தினமும் பார்ப்பதாலேயே மெல்ல வரும் மாற்றம் அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஒரே வயதுப் பிள்ளைகள் முப்பது பேருக்கு நடுவில் வைத்துப் பார்க்க முடிகிறவர்கள் நீங்கள் மட்டும்தான்.

முதலில் உயரம். ஐந்து வயதுக்கு மேல், பருவ வளர்ச்சி தொடங்கும்வரை, ஒரு பிள்ளை ஆண்டுக்கு 5, 6 சென்டிமீட்டர் வளரும். 4 சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். பிள்ளை குட்டையா நெட்டையா என்பது இங்கே கேள்வியே இல்லை. அப்பா அம்மா குட்டையாக இருந்தால் பிள்ளையும் குட்டையாக இருக்கலாம், ஆனால் ஆண்டுதோறும் தன் வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு வரிசையில் நடுவில் நின்ற பிள்ளை இப்போது முன்னால் நிற்கிறது, சீருடை இரண்டு வருடமாக அதேதான், கால்சட்டை நீளம் இன்னும் சரியாக இருக்கிறது என்றால் பெற்றோருக்குச் செலவு மிச்சம்தான். ஆனால் அது நல்ல செய்தி இல்லை.

எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது பலருக்குத் தெரியாது. நாசி லெமாக்கும் இனிப்புத் தண்ணீரும் அதிகமாகி எடை கூடும் பிள்ளை பொதுவாக உயரத்திலும் நன்றாகவே வளரும், பல சமயம் வகுப்பில் மற்றவர்களைவிட உயரமாக இருக்கும். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுபோனால் அது வேறு கதை. அங்கே சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் ஹார்மோன்களைச் சோதிக்க வேண்டும். பி.எம்.ஐ. எண் மட்டும் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. இரண்டு பிள்ளைகளுக்கும் பருமன் என்று ஒரே சொல்லைத்தான் எழுதிவைக்கும்.

அடுத்தது தாகமும் கழிப்பறையும். என் தங்கை மகனின் விஷயம் இது. எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை, நம் வட்டாரத்துப் பள்ளியும் இல்லை. ஐந்தாம் ஆண்டில் இருந்தபோது அவனுக்குத் தாகம் அதிகமானது. ராத்திரி எழுந்து குளிர்பெட்டியைத் திறந்து பாட்டில் பாட்டிலாக ஐஸ் தண்ணீர் குடிப்பான், அப்புறம் கழிப்பறைக்கு ஓடுவான். வகுப்பிலும் அதே கதை. பாடத்தை விட்டுத் தப்பிக்க வழி தேடுகிறான் என்று ஆசிரியர் நினைத்தார். ஓய்வு நேரத்துக்கு முன்னால் ஒரு தடவைதான் வெளியே போகலாம் என்று விதி போட்டார்கள். பிள்ளை என்ன செய்யும்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திப் பார்த்தான். சபைகூடலில் மயங்கி விழுந்தான்.

நம் ஆட்களிடம் தாகம், சிறுநீர் என்று சொன்னால் உடனே இனிப்பு நீர், அதாவது நீரிழிவு என்றுதான் புத்தி போகும். விரலில் குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை சரியாக இருந்தது, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் முழுவதும் அவன் குடிப்பதையும் கழிப்பதையும் அளந்து எழுதச் சொன்னேன். அந்தத் தாளைப் பார்த்த அரசாங்கக் கிளினிக் மருத்துவர் மேல்விசாரணை எதுவும் செய்யாமல் அப்போதே பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். சிறுநீரை அடக்கிவைக்கச் சொல்லும் வாசோபிரசின் என்ற ஹார்மோன் ஹைப்போதலாமஸில்தான் உருவாகிறது. அது குறைந்துபோனால் சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்காது. முன்பு இதை டயபிட்டிஸ் இன்சிபிடஸ் என்பார்கள். 2022இல் வாசோபிரசின் குறைபாடு என்று பெயரை மாற்றினார்கள். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரிக் காம்பு கொஞ்சம் தடித்திருந்ததைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. மருத்துவர்கள் விடவில்லை, சில மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அப்போது தெரிந்தது ஜெர்மினோமா. பெயரைக் கேட்டதும் வீடே அழுதது. ஆனால் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கரையும் கட்டி அது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். இப்போது படிவம் மூன்றில் இருக்கிறான். வாசோபிரசினுக்குப் பதிலாக டெஸ்மோபிரசின் மாத்திரை எடுக்கிறான், பந்து விளையாடுகிறான், வீட்டுப்பாடம் செய்யாமல் ஏமாற்றவும் செய்கிறான்.

கண் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த இடத்துக் கட்டிகள் கண் நரம்புகள் சந்திக்கும் இடத்தை அழுத்தினால் பெரும்பாலும் முதலில் பக்கவாட்டுப் பார்வைதான் போகும். நேரே சுவரில் மாட்டிய எழுத்துகளை அந்தப் பிள்ளை சரியாக வாசித்துவிடக்கூடும். ஆகவே பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவின் கண் சோதனையில் தேறிவிட்டது என்பதால் நிம்மதியாகிவிட வேண்டாம். கதவு நிலையில் தோள் இடிக்கிற பிள்ளை, பக்கத்திலிருந்து வரும் பந்தைக் கவனிக்காத பிள்ளை, கரும்பலகையைப் பார்க்கத் தலையை ஒரு பக்கமாகத் திருப்புகிற பிள்ளை, கண்ணாடிக் கடையில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றியும் தெரியவில்லை என்கிற பிள்ளை, இவர்களைக் கண் மருத்துவரிடம் அனுப்பச் சொல்லுங்கள். அதோடு காலையில் எழுந்ததும் தலைவலியும் வாந்தியும் இருந்தால் தாமதிக்கவே கூடாது. காலை உணவு சாப்பிடாததால் வரும் தலைவலியும், பள்ளிக்கு மட்டம் போட வரும் தலைவலியும் உண்டுதான். ஆனால் அவை பெரும்பாலும் விடுமுறையில் வராது. கட்டியால் வரும் தலைவலி பள்ளி விடுமுறை பார்த்து நிற்காது.

பருவ வளர்ச்சி சீக்கிரம் தொடங்குவதும் இந்தக் கட்டிகளின் அடையாளமாக இருக்கலாம். பெண் பிள்ளைகளுக்கு 8 வயதுக்கு முன்னும் பையன்களுக்கு 9 வயதுக்கு முன்னும் மாற்றங்கள் தொடங்கினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெண் பிள்ளைகளில் பெரும்பாலும் மூளையில் ஒன்றும் இருக்காது. பையன்களில் அப்படி நினைத்து விட முடியாது. இரண்டாம் ஆண்டுப் பையனுக்குக் குரல் உடைகிறது, முகப்பரு வருகிறது என்றால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். நம் வீடுகளில் ஏழு வயதுப் பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்றதும் மண்டபத்துக்கும் வீடியோகாரருக்கும் போன் போட்டுவிடுகிறோம். சடங்கு பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் கிளினிக். பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போட ஊசி இருக்கிறது, வயது தாண்டினால் அதனால் பிரயோசனம் குறைவு. எதிர்ப்பக்கமும் உண்டு. பதினான்கு, பதினைந்து வயதாகியும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் அதையும் பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்றைச் சொன்னால் கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஹைப்போதலாமஸில் ஹமார்டோமா என்ற ஒன்று வருவதுண்டு. பிறவியிலேயே இருக்கும், பரவாது, உண்மையான கட்டி என்றுகூட அதைச் சொல்வதில்லை. அது இருக்கும் சில பிள்ளைகளுக்குத் திடீர் திடீரென்று சிரிப்பு வரும். எதுவும் வேடிக்கை நடந்திருக்காது, முகத்தில் சந்தோஷமும் இருக்காது, சில விநாடிகளில் நின்றுவிடும். அது ஒரு வகை வலிப்பு. வகுப்பில் அப்படிச் சிரித்த பிள்ளைக்கு அடி விழுந்ததும், வீட்டில் காற்று கறுப்பு என்று கயிறு கட்டியதும் நான் வார்டில் கேட்ட கதைகள். கயிறு கட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பைப் போனில் படம் பிடித்து மருத்துவரிடமும் காட்டுங்கள்.

பாலர் பள்ளி நடத்துகிறவர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. நன்றாகப் பால் குடித்தும் உடம்பு தேறாமல் எலும்பும் தோலுமாக இருக்கும் குழந்தை, ஆனால் சிணுங்காமல் கலகலவென்று இருக்கிறது என்றால், அங்கேயும் இந்தப் பகுதியில் ஒரு கட்டி இருக்கக்கூடும். கிளினிக்கில் கொடுத்த குழந்தை நலப் புத்தகத்தில் எடைக்கோடு கீழே இறங்குவதைக் காட்டிக் கேளுங்கள்.

சரி, கட்டி என்றாலே புற்றுநோய்தானா? பிள்ளைகளுக்கு இங்கே வருபவற்றில் பல அப்படி இல்லை. கிரேனியோஃபாரிஞ்சியோமா என்பது பிறக்கும் முன் பிட்யூட்டரி உருவானபோது மிஞ்சிய உயிரணுக்களிலிருந்து வளர்வது. உடம்பின் வேறு பாகத்துக்குப் பரவாது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் இரண்டு பேருக்குக்கூட வருவதில்லை. 5 முதல் 14 வயதுக்குள்ளும், அப்புறம் 50 முதல் 74 வயதுக்குள்ளும் அதிகம் தெரிகிறது. கண் நரம்பையும் ஹைப்போதலாமஸையும் சேர்த்துப் பிடிக்கும், மெதுவாக வளரும் கிளையோமா என்ற கட்டிகளும் உண்டு. உடம்பில் காப்பி நிறத் தட்டையான தேமல்கள் ஆறு அல்லது அதற்கு மேல் இருக்கும் நியூரோஃபைப்ரோமடோசிஸ் பிள்ளைகளுக்கு அந்தக் கிளையோமா வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவர்களுடைய கண்களை ஆண்டுதோறும் சோதிப்பார்கள்.

பரவாத கட்டி என்றால் வெட்டி எடுத்துவிட வேண்டியதுதானே என்று பெற்றோர் கேட்பார்கள். இடம்தான் பிரச்சினை. முழுவதும் சுரண்டி எடுக்கப் போனால் ஹைப்போதலாமஸும் சேர்ந்து போய்விடும், பிள்ளை பிழைக்கும், ஆனால் பசியும் தூக்கமும் வாழ்நாள் முழுக்கக் கெட்டுப்போகும். அதனால் இப்போது பல அறுவை மருத்துவர்கள் பாதுகாப்பாக எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளின் கிளையோமாவுக்குக் கதிர்வீச்சைத் தள்ளிவைத்துக் கீமோ மருந்தில் தொடங்குவார்கள். டாக்டர் பாதியில் விட்டுவிட்டார் என்று கடைத்தெருவில் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆசிரியர்களே, இது உங்களுக்கும் வரலாம். மாதவிடாய் நின்றுபோவது, குழந்தை இல்லாமலே மார்பில் பால் கசிவது, ஆண்களுக்கு ஆசை குறைவது, பகலெல்லாம் தூக்கம், ஞாபக மறதி, சாந்தமாக இருந்தவர் எரிந்து விழுவது, மோட்டார் ஓட்டும்போது பக்கத்தில் வரும் வண்டி தெரியாமல் போவது. இவற்றை வயசாகிவிட்டது, மெனோபாஸ், வேலை அழுத்தம் என்று மூடிவைக்கிறோம். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு நுரையீரல், மார்பகப் புற்றுநோய் இந்த இடத்துக்குப் பரவி வருவதும் உண்டு. அவர்களுக்கு வரும் கிரேனியோஃபாரிஞ்சியோமாவில் ஒரு வகைக்கு மட்டும் நல்ல செய்தி வந்திருக்கிறது. பிராஃப் என்ற மரபணுவில் மாற்றம் உள்ள அந்த வகைக்கு இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. 16 பேரில் 15 பேருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது. பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை, அவர்களுக்கு இது பொருந்தாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது சிகிச்சை முடிந்து பள்ளிக்குத் திரும்பும் பிள்ளையைப் பற்றித்தான். கிரேனியோஃபாரிஞ்சியோமா வந்த பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அப்புறம் உடல் எடை வேகமாகக் கூடுகிறது. வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்லும் பகுதியே சேதமாகியிருக்கும். அதோடு உடம்பு சக்தியைச் செலவழிக்கும் வேகமும் குறைந்திருக்கும். மற்ற பிள்ளைகளைவிடக் குறைவாகச் சாப்பிட்டும் எடை போடும். இந்தப் பிள்ளையிடம் போய் வாயைக் கட்டு என்று சொல்வது அநியாயம். சிற்றுண்டிச்சாலையில் அதன் தட்டைப் பார்த்து ஜோக் அடிக்கிற ஆசிரியரை எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். தாயிடம் கேட்டுத் தட்டில் என்ன எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவையுங்கள், சிற்றுண்டிச்சாலைக்காரருக்கும் சொல்லிவையுங்கள், மற்ற பிள்ளைகளின் வாயை அடக்குங்கள். செகாக்கில் அந்தப் பிள்ளையின் எடையை எல்லார் முன்னாலும் உரக்க வாசிக்க வேண்டாம். எந்தப் பிள்ளையின் எடையையும் வாசிக்க வேண்டாம் என்பேன்.

உயிர் சம்பந்தப்பட்டது ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. அட்ரீனலுக்கு உத்தரவு போகாத பிள்ளை தினமும் அதை எடுக்கும். நமக்குக் காய்ச்சல் வந்தால் அட்ரீனல் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனை உடம்பு தானாகவே கூட்டிக்கொள்ளும், அந்தப் பிள்ளையின் உடம்பு கூட்டாது. காய்ச்சல் வந்தாலோ அடிபட்டாலோ மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி இரண்டு மூன்று மடங்கு மாத்திரை வேண்டும். வாந்தி எடுத்தால் மாத்திரை உள்ளே தங்காது, ஊசி வேண்டும். வெளிறிப்போய், துவண்டு, வாந்தி எடுத்துக்கொண்டு தூங்கப் பார்க்கும் அந்தப் பிள்ளையைப் பனடோல் கொடுத்து ஓய்வறையில் படுக்கவைத்து, அம்மா மோட்டாரில் வரும்வரை காத்திருக்காதீர்கள். 999க்கு அழையுங்கள், அல்லது உங்கள் காரிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளை என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். மருத்துவர் கொடுத்த ஸ்டீராய்டு அட்டையின் நகல் அலுவலகத்திலும் வகுப்பாசிரியரிடமும் உடற்கல்வி ஆசிரியரிடமும் பள்ளி வேன் ஓட்டுநரிடமும் இருக்கட்டும். விளையாட்டுப் போட்டி நாள், சுற்றுலா நாள் என்றால் கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

டெஸ்மோபிரசின் எடுக்கும் பிள்ளைக்குக் கழிப்பறை அனுமதி கேட்க வேண்டிய அவசியமே இருக்கக் கூடாது. அதே சமயம் வெயிலாக இருக்கிறது, குடி குடி என்று கட்டாயப்படுத்தித் தண்ணீர் கொடுக்கவும் கூடாது. மருந்து வேலை செய்யும் நேரத்தில் தண்ணீர் அதிகமானால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். தாகமே தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இத்தனை மணிக்கு இவ்வளவு என்று மருத்துவர் எழுதித் தந்திருப்பார். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் அரிதான நோய் என்பது எனக்கும் தெரியும். ஓர் ஆசிரியர் தன் காலம் முழுவதும் இப்படி ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். ஆனால் உயரத்தைக் கவனித்தால் தைராய்டு குறைபாடும், வளர்ச்சி ஹார்மோன் குறைபாடும், குடல் நோயும், வீட்டில் போதிய சாப்பாடு இல்லாத பிள்ளையும்கூட அகப்படுவார்கள். வீண்வேலை ஆகாது. பிரிட்டனில் 2011இல் ஹெட்ஸ்மார்ட் என்ற இயக்கத்தைத் தொடங்கி, பிள்ளைகளின் மூளைக் கட்டி அறிகுறிகளைச் சின்ன அட்டையில் அச்சடித்துப் பரப்பினார்கள். வளர்ச்சி நிற்பதும் அந்த அட்டையில் உண்டு. முதல் அறிகுறியிலிருந்து நோயைக் கண்டுபிடிக்க ஆகும் காலம் சுமார் 14 வாரத்திலிருந்து 7 வாரத்துக்கும் கீழே வந்தது. பெரிய இயந்திரம் எதுவும் வாங்கவில்லை.

நமக்கும் செலவு பெரிதில்லை. அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணரிடம் 5 ரிங்கிட். நிபுணரைப் பார்க்கப் போகும் ஈப்போ, கார் இருந்தால் பக்கம்தான், கார் இல்லாதவர்களுக்கும் ஒருநாள் கூலி போகிறவர்களுக்கும்தான் தூரம். அங்கே உங்கள் சங்கத்தின் உதவி வேண்டும். போகும்போது வெறுங்கையோடு போக வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. பள்ளி எழுதிவைத்த உயரங்களைத் தேதியோடு ஒரு தாளில் எடுத்துக் கொடுங்கள். வகுப்பில் கவனித்ததை ஆசிரியரும் நான்கு வரி எழுதிக் கொடுக்கட்டும். மலாயில் எழுதினால் இன்னும் நல்லது.

அளக்கும்போது சப்பாத்தைக் கழற்றச் சொல்லுங்கள், குதிகால் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும், பெண் பிள்ளைகளின் கொண்டையை அவிழ்க்க வேண்டும். ஒரே அளவுகோலில் ஒரே ஆசிரியர் அளந்தால் சிறப்பு. கடந்த தடவையைவிட உயரம் குறைந்திருப்பதாக எழுதிய அட்டைகளையும் நான் பார்த்திருக்கிறேன்! அளவு சந்தேகமாக இருந்தால் அதே வாரம் மறுபடி அளந்துவிடுங்கள், பெற்றோரை வீணாகக் கலங்கடிக்க வேண்டாம்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்தால் நேரில் வந்து பேசுகிறேன். சனிக்கிழமை காலை எனக்கு வசதி. அதற்கு முன் ஒரு வகுப்பின் அட்டைகளை மட்டும் எடுத்து, பெயரை மறைத்துவிட்டு, இரண்டு வருட உயரங்களை அடுத்தடுத்து ஒரே தாளில் எழுதி வையுங்கள். கூட்டத்தில் அதையே வைத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்